எஸ்வி40: போலியோ ஊசியில் வந்த குரங்கு வைரஸ் மனிதருக்குப் புற்றுநோய் தந்ததா?

தெற்குவீதி:
குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா ஒரு செய்தி போட்டிருக்கிறார். 1955 முதல் 1963 வரை அமெரிக்காவில் போட்ட போலியோ ஊசியில் குரங்கின் புற்றுநோய் வைரஸ் கலந்திருந்ததாம், அரசு மறைத்துவிட்டதாம். கடைசி வரி: 'அதனால் பெண் பிள்ளைகளுக்கு ஹெச்பிவி ஊசி (கர்ப்பப்பை வாய்ப் புற்றைத் தடுக்கும் ஊசி) போடாதீர்கள்.' வழக்கமான புருடா என்று நினைத்துத் தேடினால், வைரஸ் கலந்தது உண்மை என்கிறார்கள். என் மகளுக்கு 11 வயது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கரிசல்குயில்:
முதல் பாதியில் சித்தப்பா மேல் பெரிய தப்பு இல்லை. அன்று போலியோ வைரஸை ரீசஸ் குரங்கின் சிறுநீரகச் செல்களில்தான் வளர்த்தார்கள். இந்தியாவிலிருந்து கப்பல் கப்பலாகப் போன குரங்குகள் அதில் ஏராளம். அவற்றின் சிறுநீரகத்தில் எஸ்வி40 சத்தமில்லாமல் குடியிருந்தது. சால்க் ஊசிக்காகப் போலியோ வைரஸைக் கொல்ல ஃபார்மலின் ஊற்றினார்கள். எஸ்வி40 அதற்கும் முழுதாகச் சாகவில்லை.

1959இல் பெர்னிஸ் எடி என்ற அரசு விஞ்ஞானி, குரங்குச் சிறுநீரகச் சாற்றை ஹாம்ஸ்டர் எலிக்குட்டிகளுக்குச் செலுத்திப் பார்த்தார். கட்டிகள் முளைத்தன. 1960இல் நியூயார்க்கில் அதைப் பேசியதற்குக் கிடைத்த பரிசு, தடுப்பூசிச் சோதனை வேலையிலிருந்து ஒதுக்கப்பட்டது. அதே ஆண்டு ஸ்வீட், ஹில்மேன் என்ற விஞ்ஞானிகள் இருவரும் அந்த வைரஸைத் தனியே பிரித்துக் காட்டினார்கள். 1961இல் அரசு என்ன செய்தது? இனிமேல் தயாரிப்பதில் இது இருக்கக்கூடாது என்று உத்தரவு போட்டது. கிடங்கில் இருந்ததைத் திரும்பப் பெறவில்லை. 1963 வரை அதுவும் பிள்ளைகளின் கையில் ஏறியது. உயிருள்ள எஸ்வி40 போய்ச் சேர்ந்தவர்கள் 1 கோடி முதல் 3 கோடிப் பேர் வரை இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள்.

ஆய்வகத்துப்பூனை:
வரலாறு சரி, கரிசல். ஆனால் கேள்வி புற்றுநோய் வந்ததா என்பது. ஹாம்ஸ்டருக்கு வந்தால் மனிதனுக்கும் வர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அடினோவைரஸ் 12 என்று ஒன்று. 1962இல் அதுவும் ஹாம்ஸ்டர் குட்டிகளுக்குக் கட்டி தந்தது. மனிதரிடையே சாதாரணமாகச் சுற்றும் வைரஸ்தான். இன்றுவரை மனிதப் புற்றோடு அதை முடிச்சுப் போட யாராலும் முடியவில்லை.

காரணம் சுவாரசியமானது. இந்தச் சின்ன டிஎன்ஏ வைரஸ்கள் தமக்குத் தோதான செல்லில் நுழைந்தால் பெருகி, செல்லை உடைத்துக்கொண்டு வெளியேறும். செத்த செல் கட்டியாகாது. ஹாம்ஸ்டர் செல் போன்ற தோதில்லாத செல்லில்தான் வம்பு. பெருகவும் முடியாது, செல்லும் சாகாது. செல்லைப் பெருகத் தூண்டும் வைரஸின் டி புரதம் மட்டும் ஓயாமல் வேலை செய்யும்.

கரிசல்குயில்:
அந்த டி புரதத்தை இவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். நம் செல் கண்டபடி பெருகாமல் தடுக்கும் இரண்டு பிரேக்குப் புரதங்களான பி53, ஆர்பி இரண்டையும் அது பிடித்துக்கொள்கிறது. பி53 என்ற புரதமே 1979இல் இதோடு ஒட்டிக்கொண்டு வந்ததால்தான் கண்ணில் பட்டது. அப்புறம் 1994இல் கார்போன் என்ற ஆய்வாளரின் குழு, நுரையீரல் உறையில் வரும் மீசோதீலியோமா புற்றுக் கட்டிகள் 48ஐச் சோதித்ததில் 29இல் எஸ்வி40 டிஎன்ஏ இருந்தது. இதுவும் ஹாம்ஸ்டரா?

பிசிஆர்பாண்டி:
இந்த இடத்தில் நான் வாயைத் திறந்தாக வேண்டும், 15 வருடமாக பிசிஆர் (துளி டிஎன்ஏவையும் பெருக்கிக் கண்டுபிடிக்கும் சோதனை) போடுகிறவன். ஆய்வகங்களில் புழங்கும் பிளாஸ்மிட்கள் (மரபணுவைச் சுமக்கும் சின்ன டிஎன்ஏ வளையங்கள்) பலவற்றில் எஸ்வி40 டிஎன்ஏவின் துண்டுகளைச் செருகியிருப்பார்கள், மரபணுவை முடுக்கிவிட வசதியாக. ஆக, எஸ்வி40ஐத் தேடும் அறையிலேயே எஸ்வி40 தூசியாகக் கிடக்கும். ஒருமுறை எங்கள் ஆய்வகத்தில் வெறும் தண்ணீர் வைத்த குழாயே ஒரு வாரம் பாசிட்டிவ் காட்டியது. கடைசியில் பார்த்தால் ஒரு பிப்பெட் செய்த வேலை.

2004இல் நியூயார்க் குழு ஒன்று லான்செட் இதழில் இதைப் போட்டு உடைத்தது. பிளாஸ்மிட்களிலும் இருக்கும் பகுதியைத் தேடினால் மீசோதீலியோமாவில் எஸ்வி40 தாராளமாகக் கிடைக்கிறது. பிளாஸ்மிட்களில் இல்லாத பகுதியைத் தேடினால் ஏறக்குறைய காணாமல் போகிறது. கட்டியில் முழு வைரஸ் இருந்திருந்தால் இரண்டும் அல்லவா கிடைக்க வேண்டும்?

ஆய்வகத்துப்பூனை:
அதோடு, அந்த ஊசி ஆண், பெண் இரு பாலருக்கும் போனது. மீசோதீலியோமாவோ பெரும்பாலும் ஆண்களுக்கு, அதிலும் கப்பல் தளம் போன்ற ஆஸ்பெஸ்டாஸ் வேலைக்காரர்களுக்கு வருகிறது. 1998இல் அமெரிக்காவிலும் 2003இல் டென்மார்க்கிலும் ஊசிக் காலத்துப் பிள்ளைகளை மற்றவர்களோடு ஒப்பிட்டார்கள். புற்றுநோய் கூடவில்லை.

கரிசல்குயில்:
பாண்டி சொன்னதை ஒப்புக்கொள்கிறேன், 29 என்ற எண்ணை இனிமேல் தூக்கிக்கொண்டு வரமாட்டேன். ஒப்பீட்டை ஒப்பமாட்டேன். எந்தப் பிள்ளைக்கு எந்தப் புட்டியிலிருந்து போட்டார்கள் என்று தெரியாமல், பிறந்த ஆண்டை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு அது. அமெரிக்க அரசுக்கு ஆலோசனை சொல்லும் மருத்துவ நிறுவனமே (Institute of Medicine) 2002இல், ஏற்கவும் மறுக்கவும் சான்று போதாது என்றுதான் எழுதியது.

ஆய்வகத்துப்பூனை:
நியாயம். ஆனால் சான்று போதும் என்றால் அது எப்படி இருக்கும் என்றும் பாருங்கள். 2008இல் பிட்ஸ்பர்கில் மெர்க்கெல் செல் புற்று என்ற அரிய தோல் புற்றில் ஒரு புதிய பாலியோமா வைரஸைக் கண்டார்கள், எஸ்வி40க்குப் பங்காளி. 10 கட்டியில் 8இல் இருந்தது. கட்டிச் செல்லின் டிஎன்ஏவுக்குள்ளேயே செருகிக்கொண்டு, இனிப் பெருக முடியாதபடி டி புரதம் முறிந்துபோய், பிரேக்கைப் பிடிக்கும் பகுதி மட்டும் மிஞ்சி. உலகம் முழுக்க மற்ற ஆய்வகங்களும் அதையே கண்டன. எஸ்வி40க்கு இப்படி ஒன்று வரவே இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் முகமை 2012இல் மெர்க்கெல் வைரஸை 'அநேகமாகப் புற்றுநோய் தரும்' என்ற பட்டியலில் வைத்தது. எஸ்வி40ஐ 'வகைப்படுத்த இயலாது' என்று ஒதுக்கிவைத்தது.

தெற்குவீதி:
எல்லாம் சரி, ஹெச்பிவி ஊசி?

பிசிஆர்பாண்டி:
அதில் குரங்குச் செல்லும் கிடையாது, வைரஸும் கிடையாது. ஈஸ்டிலோ பூச்சிச் செல்லிலோ செய்த மேலுறைப் புரதம், உள்ளே வெறும் கூடு. கர்ப்பப்பை வாய்ப் புற்று கிட்டத்தட்ட முழுவதும் ஹெச்பிவியால் வருவது. 1983இல் ஹெச்பிவி 16ஐக் கண்டதற்குத்தான் விஞ்ஞானி சுர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் கொடுத்தார்கள். ஊசி பிடித்துக்கொள்ள 11 வயது நல்ல வயது.

கரிசல்குயில்:
என் மகளுக்குப் போன வருடமே போட்டாயிற்று. நான் ஊசிக்கு எதிரி என்று யாரும் நினைக்க வேண்டாம். எனக்கு 1961தான் தொண்டையில் நிற்கிறது.

தெற்குவீதி:
இதையெல்லாம் சுருக்கிச் சித்தப்பாவுக்கு அனுப்பினேன். ஐந்தே நிமிடத்தில் பதில்: 'அப்படியென்றால் ஏன் திரும்பப் பெறவில்லை?'

கரிசல்குயில்:
சித்தப்பாவை இங்கே சேர்த்துவிடுங்கள். எனக்கும் ஆள் வேண்டும்.