சோழர் காலத்து சாதாரண ஜனங்க உடை பத்தி தெரிஞ்சவங்க கொஞ்சம் உதவுங்க

வணக்கம் மக்களே, ஒரு சின்ன வெப் சீரிஸ்ல உதவி இயக்குநரா இருக்கேன், கதை 1010-ல தஞ்சாவூர்ல நடக்குது, பெரிய கோயில் வேலை முடியற சமயம். நேத்து சமையல்கட்டு செட்ல ஒரு முறம் நிறைய காஞ்ச மிளகாய் வச்சிருந்தாங்க, அண்ணே போர்த்துகீசியர் வர்றதுக்கே இன்னும் கிட்டத்தட்ட 500 வருஷம் இருக்குன்னு சொல்லி அத எடுத்துட்டு மிளகு வச்சேன். அது ஈசியா முடிஞ்சுது.

தலைவலி ஆளுங்க விஷயத்துலதான். ராணி, தளபதி எல்லாம் வெள்ளவெளேர்னு வேணுமாம், கருப்பா இருக்கறவங்கள சாமரம் வீச நிறுத்துன்றாங்க. பெரிய கோயில் கல்வெட்டுல பாத்தா 400 தளிச்சேரிப் பெண்டுகள (கோயில்ல ஆட குடியமர்த்தின பெண்கள்) பேரோட, எந்த வீடுன்றதோட வெட்டி வச்சிருக்காங்க, ஆளுக்கு வருஷத்துக்கு 100 கலம் நெல்லு. பறையர் இருந்த பறைச்சேரி, கம்மாளர் (கைவினைஞர்) இருந்த கம்மாணச்சேரி, தீண்டாச்சேரின்னு குடியிருப்புங்க எல்லாம் கூட வருது. எங்க ஸ்கிரிப்ட்ல இவங்க ஒருத்தர் கூட இல்ல (ராணி மழைல நனையறதுக்கு மட்டும் மூணு சீன் இருக்கு).

எப்படியோ பேசி ஒரு சேரி சீன் வாங்கிட்டேன். இப்ப சந்தேகம் என்னன்னா உழவர், கம்மாளர், சேரி ஜனங்க என்ன உடுத்தியிருப்பாங்க, பொம்பளைங்க மார்க்கச்சை கட்டினாங்களா, கோயில் உள்சுவர் ஓவியத்த வச்சு முடிவு பண்ணலாமா இல்ல அது அரண்மனை ஆளுங்களுக்குதான் பொருந்துமா? கல்வெட்டு, சிற்பம் படிச்சவங்க யாராச்சும் சொல்லுங்க, போட்டோ இருந்தா இன்னும் நல்லது, திங்கக்கிழமை காஸ்ட்யூம் மீட்டிங், வெறுங்கையோட போனா மறுபடியும் ஜரிகைப் புடவைதான் வரும்.