உபுண்டு 24.04-க்கு மாறும்போது பாதியில் கரண்ட் போய், பேக்கேஜ்கள் மல்லுக்கட்டுகின்றன

கோவில் கணக்கர் (சுங்கை சிப்புட்):
வணக்கம். எங்கள் தோட்டத்துக் கோவில் ஆபீஸ் கம்ப்யூட்டரில் உபுண்டு 22.04 (லினக்ஸ் இயங்குதளம்) இருந்தது. அர்ச்சனை ரசீது அடிக்கிற, பிஎச்பி மொழியில் எழுதிய புரோகிராம் அதில்தான். நேற்று 24.04-க்கு மாற்றினேன். முக்கால்வாசி ஓடியதும் இடி, மழை, கரண்ட் இல்லை. இப்போது கறுப்புத் திரையும் லாகினும் மட்டும். பேக்கேஜ்களை (சாஃப்ட்வேர் பொட்டலங்களை) ஏற்றுகிற ஆப்ட் கட்டளையில் எதைப் போட்டாலும் "உடைந்த பேக்கேஜ்களைப் பிடித்து வைத்திருக்கிறாய்" என்கிறது. பிடித்து வைத்தவற்றைக் காட்டும் ஷோஹோல்ட் போட்டுப் பார்த்தேன், காலி. நான் எதைப் பிடித்தேன்? பேர்களுக்குப் பின்னால் டி64 என்று வால் வேறு. வெள்ளிக்கிழமைக்குள் ரசீது அடிக்கணும்.

அவசரக்காரன்:
டிபிகேஜிக்கு (ஆப்ட்டுக்கு அடியில் பேக்கேஜை ஏற்றும் கருவி) ஃபோர்ஸ்-ஆல் கொடுங்கண்ணே, தடையை மீறி ஓடிடும்.

பழைய டெக்னீஷியன் (ஈப்போ):
தம்பி, அதைத் தொடாதீர்கள். சண்டை தீராது, சண்டைச் சத்தம்தான் கேட்காமல் போகும்.

முதலில் டேட்டாபேஸை நிறுத்தி, வார்-லிப்-மைஎஸ்க்யூஎல் ஃபோல்டரைப் பென்டிரைவில் எடுங்கள். அப்புறம், பாதியில் நின்றதை முடிக்க "டிபிகேஜி --கன்ஃபிகர் -ஏ", அதற்கப்புறம் "ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்". வரிசை மாறக் கூடாது.

டி64-ஐக் கண்டு பயம் வேண்டாம். 32 பிட் நேரக் கணக்கு 2038-இல் நிரம்பிவிடும். அதற்காக 24.04-இல் நிறைய லைப்ரரிகளுக்கு (பல புரோகிராம்கள் பகிர்ந்துகொள்ளும் கோடு) டி64 வால் சேர்த்துப் பேர் மாற்றினார்கள். உங்கள் 64 பிட் மெஷினுக்கும் அதே பேர்தான்.

"பிடித்து வைத்திருக்கிறாய்" என்பது குழப்புகிற வாசகம், நானும் ஒரு காலத்தில் ஏமாந்திருக்கிறேன். சார்புகள் (ஒரு பேக்கேஜுக்குத் தேவைப்படும் மற்ற பேக்கேஜ்கள்) ஒத்துப்போகவில்லை என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். வெளி ரிப்போ (உபுண்டுவுடையது அல்லாத பேக்கேஜ் கிடங்கு) ஏதாவது சேர்த்திருந்தீர்களா?

கோவில் கணக்கர்:
ஆமாம் ஐயா, பழைய புரோகிராமுக்காக பிஎச்பி 7.4 வேண்டும் என்று முன்னாள் செயலாளர் சேர்த்தார். நீங்கள் சொன்ன இரண்டையும் போட்டேன். மிச்சம் ஒரே முடிச்சு: படங்களைக் கையாளும் ஜிடி லைப்ரரியின் லிப்ஜிடி-டெவ் தன் பதிப்பு எண்ணுள்ள லிப்ஜிடி3-தான் வேண்டும் என்கிறது. மெஷினில் இருப்பதோ அதைவிடப் பெரிய எண்.

பழைய டெக்னீஷியன்:
அதுதான் வில்லன். "ஆப்ட்-கேஷ் பாலிசி லிப்ஜிடி3" போடுங்கள். நட்சத்திரம் போட்ட (இப்போது மெஷினில் உள்ள) பதிப்பின் கீழே 100 என்ற ஒரே வரி, அதாவது எந்த ரிப்போவிலும் இல்லை என்று, இருந்தால் அது அனாதை: அப்கிரேட் வெளி ரிப்போவை அணைத்துவிட்டது, அங்கிருந்து வந்த பேக்கேஜ் மட்டும் தங்கிவிட்டது. ஆப்ட் தானாகப் பழைய பதிப்புக்குக் கீழிறங்காது. 500 என்று காட்டும் உபுண்டு பதிப்பை, பேருக்குப் பின்னால் சமக்குறி போட்டு எழுதி இன்ஸ்டால் செய்யுங்கள். முதலில் -எஸ் சேர்த்து ஒத்திகை பாருங்கள். நீக்கப்போகும் பட்டியல் நீளமாக வந்தால் நிறுத்திவிட்டு இங்கே போடுங்கள்.

கோவில் கணக்கர்:
அனாதையேதான்! ஒத்திகையில் நீக்கப் போவது 7.4-இன் ஜிடி மட்டும். இறக்கினேன், ஃபிக்ஸ்-புரோக்கன் முணுமுணுக்காமல் முடிந்தது. மிச்ச 7.4-ஐயும் எடுத்துவிட்டு 24.04-இன் 8.3 போட்டேன். டெஸ்க்டாப் வந்துவிட்டது. ரசீது மட்டும் வெள்ளைப் பக்கம்.

பழைய டெக்னீஷியன்:
கோடில் ஈச் என்ற ஃபங்ஷன் இருக்கிறதா? பிஎச்பி 8.0-இலேயே தூக்கிவிட்டார்கள். ஃபோர்ஈச்சாக மாற்றுங்கள்.

கோவில் கணக்கர்:
மூன்று இடத்தில் இருந்தது ஐயா. மாற்றினேன், முதல் ரசீது வந்துவிட்டது. அடுத்த கூட்டத்தில் யூபிஎஸ் வாங்கப் பணம் கேட்கப்போகிறேன்.