புது ஹிப் ஹாப், எலக்ட்ரானிக், சோல் தேட செயலியின் பரிந்துரை போதுமா?

தாளக்கட்டு:
மூன்று மாதமாக ஸ்பாட்டிஃபையின் டிஸ்கவர் வீக்லியைத் திறக்கவில்லை. திங்கட்கிழமைதோறும் 30 பாட்டு வருமே, அதுதான். 2019ல் அந்தச் செயலி இந்தியாவுக்கு வந்ததிலிருந்து வாரம் தவறாமல் கேட்டவன் நான். ஏன் நிறுத்தினேன் என்று சொல்கிறேன். ஒத்துக்கொள்ளாதவர்கள் வந்து மறுக்கலாம்.

அமெரிக்க ஹிப் ஹாப் புரொடியூசர் ஜே டில்லாவின் 'டோனட்ஸ்' இங்கே பலருக்குத் தெரிந்திருக்கும். 2006 பிப்ரவரி 7, அவருடைய 32வது பிறந்தநாளன்று வெளியான ஆல்பம். மூன்றே நாளில் அவர் இறந்துபோனார். மொத்தம் 31 துண்டுகள், பெரும்பாலானவை இரண்டு நிமிடத்தைக்கூடத் தொடாதவை. அதில் 'டோன்ட் க்ரை' என்று ஒன்று. அமெரிக்கக் கறுப்பர்களின் சோல் வகையில் ஒரு பழைய பாட்டை முதலில் கொஞ்ச நேரம் அப்படியே ஓடவிடுவார். அப்புறம் அதே பாட்டைத் துண்டு துண்டாக வெட்டி வேறு மாதிரி கோத்துக் காட்டுவார். அந்தப் பழைய குரல் யாருடையது என்று பல வருடம் நான் யோசிக்கவே இல்லை. செயலியும் சொல்லவில்லை. அதே மாதிரி மெதுவான டிரம்ஸ், பாட்டு வரிகள் இல்லாத பீட்டுகள் என்று நூற்றுக்கணக்கில் எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தது. எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. ஒன்றின் பெயர்கூட இன்று நினைவில் இல்லை.

எந்தப் பாட்டுக்குள் எந்தப் பழைய பாட்டு இருக்கிறது என்று சொல்லும் ஹூசாம்பிள்ட் தளத்தில் ஒருநாள் தேடிப் பார்த்தேன். எஸ்கார்ட்ஸ் என்ற குழு. அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்தின் ராவே சிறையில் இருந்த கைதிகள். ஜார்ஜ் கெர் என்ற புரொடியூசர் அவர்களைக் கண்டுபிடித்து, சிறைக்குள்ளேயே ஆல்பம் பதிவு செய்தார். 1973ல் வந்தது. 'எங்களுக்கு வேண்டியது இன்னொரு வாய்ப்பு' என்பது அந்தத் தலைப்பின் பொருள். டில்லா எடுத்த பாட்டின் பெயரோ, நீ அழுவதைப் பார்க்கத் தாங்கவில்லை என்பது. நோயோடு போராடிக்கொண்டிருந்த மனிதர், சிறையில் இருந்தவர்கள் பாடியதைத் தேடி எடுத்துத் தன் கடைசி ஆல்பத்தில் வைத்திருக்கிறார். இது தெரிந்த பிறகு அந்த இரண்டு நிமிடம் எனக்கு வேறு பாட்டாகிவிட்டது.

அங்கிருந்து ஜார்ஜ் கெர் வேறு யாரையெல்லாம் பதிவு செய்தார் என்று போனேன். லிண்டா ஜோன்ஸ் கிடைத்தார். 1967ல் 'ஹிப்னடைஸ்ட்' பாடியவர். 1972ல், 27 வயதிலேயே போய்விட்டார். அந்தப் பெண்ணின் குரலை ஒருமுறை கேட்டுவிட்டு வந்து, டிஸ்கவர் வீக்லி போதும் என்று யாராவது சொல்லுங்கள்.

கடைசிப்பேருந்து:
நான் சொல்கிறேன், போதும் என்று.

தாளக்கட்டு, உங்களுக்கு ஹூசாம்பிள்ட் எப்படித் தெரிந்தது, டில்லா எப்படித் தெரிந்தார்? யாரோ ஒரு நண்பர் சொல்லியிருப்பார். எனக்கு அப்படி யாரும் இல்லை. நான் வளர்ந்த ஊரில் கேசட் கடை ஒன்றுதான், அதுவும் நான் பத்தாவது படிக்கும்போது செல்போன் கடையாகிவிட்டது. வகுப்பில் சோல் இசை என்று வாயெடுத்தால் சோளமா என்று கேட்பார்கள். எனக்கு சார்லஸ் பிராட்லியைக் கொண்டுவந்து கொடுத்தது செயலியின் இந்தப் பரிந்துரைக் கணக்கு, அல்காரிதம்தான். வருடக்கணக்காகப் புகழ்பெற்ற சோல் பாடகர் ஜேம்ஸ் பிரவுன் வேடம் போட்டு மேடையில் பாடிய மனிதர், 62 வயதில், 2011ல் தன் முதல் ஆல்பத்தை வெளியிட்டார். ராத்திரி ஒரு மணிக்கு ஹாஸ்டல் மாடியில் அந்தக் குரல் தானாக வந்து விழுந்தபோது நான் அழுதேன். தேடிப் போய்க் கேட்டிருந்தால் அதிகமாக அழுதிருப்பேனா?

இன்னொன்று. டிஸ்கவர் வீக்லி என்னவோ இயந்திரம் வானத்திலிருந்து பறித்துப் போடுவது மாதிரி பேசுகிறோம். நீங்கள் கேட்கும் பாட்டுகளை வேறு எத்தனையோ பேர் தங்கள் பிளேலிஸ்ட்டில் வைத்திருக்கிறார்கள். அதே பிளேலிஸ்ட்டுகளில் நீங்கள் இதுவரை கேட்காதது எது என்று பார்த்து எடுப்பதுதான் அதன் அடிப்படை. பிளேலிஸ்ட் போட்டவர்கள் எல்லாரும் மனிதர்கள்தான். முகம் தெரியாத பல லட்சம் பேரின் ரசனை அது.

பனைநிழல்:
கடைசிப்பேருந்து சொன்னதில் பாதி சரி. ஆனால் பல லட்சம் பேரின் ரசனையைக் கூட்டி வகுத்தால் வருவது வேறு, ஒரே ஒரு கிறுக்கு மனிதரின் ரசனை வேறு.

நான் டொரன்டோவில் இருக்கிறேன். இங்கிருந்து காரில் நாலு மணி நேரத்தில் டெட்ராய்ட். அந்த ஊரில் எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும் வானொலியில் எலக்ட்ரிஃபையிங் மோஜோ என்று ஒருவர் இருந்தார். முகத்தைக்கூட வெளியே காட்டிக்கொள்ளாதவர். ஃபங்க் இசைக்குழு பார்லமென்ட் ஃபங்கடெலிக், பாடகர் பிரின்ஸ், ஜெர்மனியின் எலக்ட்ரானிக் குழு கிராஃப்ட்வெர்க் எல்லாவற்றையும் ஒரே ராத்திரியில் அடுத்தடுத்துப் போடுவார். கறுப்பர்களுக்கு இது, வெள்ளையர்களுக்கு அது என்று வானொலிகள் பிரித்து வைத்திருந்த காலம் அது. பக்கத்து பெல்வில்லில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் மூவரும் அவரைக் கேட்டு வளர்ந்தவர்கள். டெக்னோ என்று உலகம் சொல்லும் எலக்ட்ரானிக் நடன இசையைத் தொடங்கி வைத்ததும் அவர்கள்தான்.

ஃபங்க் கேட்கிறவனுக்கு இன்னும் ஃபங்க் கொடுப்பதுதான் எந்தப் பரிந்துரைக் கணக்குக்கும் இயல்பு. அவனுக்கு கிராஃப்ட்வெர்க்கின் டுசல்டார்ஃப் நகரத்து சிந்தசைசரைப் போட ஒரு துணிச்சல் வேண்டும். நான் இன்றும் லண்டனின் என்டிஎஸ் வானொலியைத்தான் போட்டுவைக்கிறேன். பத்து மணி நேரம் கேட்டால் எட்டு மணி நேரம் எனக்குப் பிடிக்காது. அந்த மீதி இரண்டு மணி நேரத்துக்காகத்தான் கேட்கிறேன்.

கடைசிப்பேருந்து:
அக்கா, மோஜோ மாதிரி ஒருவர் எனக்குக் கிடைத்தால் நானும் செயலியை அழித்துவிடுவேன். ஆனால் மனிதர்கள் என்றால் எல்லாரும் மோஜோ இல்லை. ஹிப் ஹாப் பிறந்த கதையையே எடுங்கள். 1973 ஆகஸ்ட் 11, நியூயார்க்கின் பிராங்ஸில் 1520 செட்ஜ்விக் அவென்யூ, டிஜே கூல் ஹெர்க் பாட்டுப் போட்ட விருந்து. அதே ஹெர்க், மற்ற டிஜேக்கள் தான் போடுவது எந்த ரிக்கார்டு என்று கண்டுபிடித்துவிடக் கூடாது என்று தண்ணீரில் ஊறவைத்து லேபிளை உரித்தவர். இங்கிலாந்தில், அரிய அமெரிக்க சோல் ரிக்கார்டுகளைத் தேடிப் போட்டு ஆடிய நார்தர்ன் சோல் ஆட்கள் இன்னும் ஒரு படி மேலே போய், ரிக்கார்டின் மேல் பொய்ப் பெயரை ஒட்டினார்கள். தேடிக் கண்டுபிடித்ததை ஒளித்துவைப்பதும் இந்த ரசிகர் உலகத்தின் பழக்கம்தான். சென்னையில் ஒரு ரிக்கார்டு கடையில் நான் ஒரு கேள்வி கேட்டதற்கு, அது தெரியாமல் ஏன் வந்தாய் என்பது போல் பார்த்தார்கள். செயலி என்னை அப்படிப் பார்த்ததே இல்லை.

தாளக்கட்டு:
அந்தக் கடையில் அப்படி நடந்தது தப்பு. இதில் உங்கள் பக்கம்தான் நான்.

நள்ளிரவு_808:
நான் வீட்டில் பீட் செய்து வெளியிடுகிறவன், அதனால் வேறு பக்கத்திலிருந்து ஒன்று சொல்ல வேண்டும். 2024 முதல் ஸ்பாட்டிஃபையில், 12 மாதத்தில் ஒரு பாட்டு 1,000 முறையாவது கேட்கப்படவில்லை என்றால் அதற்கு ராயல்டி கிடையாது. என் பாட்டுகளில் முக்கால்வாசி அந்தக் கோட்டுக்குக் கீழேதான். கடைசிப்பேருந்து, நீங்கள் மாடியில் கேட்டு அழும் பாட்டு என்னுடையதாக இருந்தாலும் எனக்கு ஒரு பைசா வராது.

இசைக்காரர்களிடமே ரசிகர்கள் ஆல்பம் வாங்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் 2020 மார்ச் முதல் சில வெள்ளிக்கிழமைகளில் அவர்கள் பங்கை விட்டுக்கொடுக்கிறார்கள். அப்படி ஒரு நாளில் ஏழு பேர் என் ஆல்பத்தை வாங்கினார்கள். ஏழு பேர்தான். அதில் ஒருவர் மூன்றாவது பாட்டின் பேஸ் எந்த சிந்தசைசர் என்று கேட்டு எழுதியிருந்தார். அந்தக் கேள்வியால்தான் அடுத்த ஆல்பத்தைத் தொடங்கினேன்.

புதுசெவி:
எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 19 வயது, இந்த இசைக்குப் புதுசு. நீங்கள் சொல்கிற பெயர்களில் ஒன்றுகூட எனக்குத் தெரியாது. செயலி தருவதைத் தாண்டி தேட வேண்டும் என்றால் எங்கே தொடங்குவது?

தாளக்கட்டு:
தம்பி, தெரிந்த இடத்திலிருந்தே தொடங்கு. பிளாக் ஐட் பீஸ் என்ற அமெரிக்க ஹிப் ஹாப் குழு 2003ல் வெளியிட்ட 'எலிஃபங்க்' ஆல்பத்தில் 'தி எலிஃபங்க் தீம்' கேள். பிறகு பாடகி எம்.ஐ.ஏ.வின் 'பாம்பூ பங்கா'. இரண்டிலும் இளையராஜா இருக்கிறார். எந்தப் படம் என்று நான் சொல்ல மாட்டேன், நீயே கண்டுபிடி. அதுதான் முதல் பயிற்சி. ஒரு பாட்டுக்குள் இன்னொரு பாட்டைக் கேட்கும் காது வந்துவிட்டால் மற்றது தானாக வரும்.

கடைசிப்பேருந்து:
தம்பிக்கு என் பங்குக்கு ஒன்று: சரண்ஜித் சிங். மும்பையில் இந்தி சினிமா இசைக்குழுக்களில் வாசித்தவர். 1982ல், ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வைத்து, ரோலண்ட் நிறுவனத்தின் 808 டிரம் மெஷினையும் 303 பேஸ் மெஷினையும் கொண்டு ஒரு ரிக்கார்டு போட்டார். சிகாகோவில் அதே 303-ஐ வைத்து ஆசிட் ஹவுஸ் என்ற நடன இசை ரிக்கார்டுகள் வரத் தொடங்கியது 1986-87 வாக்கில்தான்! எனக்கு இது ஒரு டெக்னோ பாட்டு முடிந்ததும் தானாக அடுத்து ஓடியது. இதற்கு என்ன சொல்கிறீர்கள், தாளக்கட்டு?

பனைநிழல்:
அவருக்குப் பதில் நான் சொல்கிறேன். அந்த ரிக்கார்டு யாரும் சீண்டாமல் கிடந்தது. எடோ பவுமன் என்ற டச்சுக்காரர் 2002ல் டெல்லியில் ஒரு கடையில் அதைக் கண்டெடுத்து, பிறகு சரண்ஜித் சிங்கையே தேடிப்பிடித்துப் பேசி, 2010ல் மறுபடி வெளியிட்டார். அதற்குப் பிறகுதான் அது எந்தச் செயலிக்கும் எட்டியது. கடையில் குனிந்து தூசி தட்டிய ஒருவர் இல்லாமல் உங்களுக்கு அது தானாக ஓடியிருக்காது.

கடைசிப்பேருந்து:
சரி, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஓர் ஆள் தேடினார் என்பதற்காக எல்லா ரசிகரும் தேட வேண்டும் என்று ஏன்? கிணறு வெட்டியவர் ஒருவர், தண்ணீர் குடிப்பது ஊரே.

தாளக்கட்டு:
ஏன் என்றால் பெயர். என் கோபமெல்லாம் அங்கேதான் இருக்கிறது.

1969ல் வின்ஸ்டன்ஸ் குழு வெளியிட்ட 'ஆமென், பிரதர்' ரிக்கார்டில் டிரம்மர் கிரிகரி கோல்மன் ஆறேழு விநாடி தனியாக வாசிப்பார். ஜங்கிள், டிரம் அண்ட் பேஸ் என்ற இரண்டு இசை வகைகளே அந்த விநாடிகளின் மேல் நிற்கின்றன. ஹிப் ஹாப் குழு என்.டபிள்யூ.ஏ.வின் 'ஸ்ட்ரெய்ட் அவுட்டா காம்ப்டன்' வரை ஆயிரக்கணக்கான பாட்டுகளில் அது இருக்கிறது. கோல்மன் 2006ல் அட்லாண்டாவில் வீடில்லாமல் செத்தார். அவர் கைக்கு ஒரு காசும் போகவில்லை. பெயர் தெரியாமல் கேட்டுக்கொண்டே போவது எனக்கு இனி முடியாது. பின்னணியில் ஓடுகிற சத்தமாக ஒருவர் ஆகிவிடக் கூடாது.

கடைசிப்பேருந்து:
இதில்தான் நீங்கள் சறுக்குகிறீர்கள் அண்ணா. கோல்மனை ஏமாற்றியது அல்காரிதமா? அந்த விநாடிகளை வெட்டி எடுத்தவர்கள் எல்லாரும் உங்களைப் போல ரிக்கார்டைத் தேடிப்பிடித்தவர்கள். லேபிளில் குழுவின் பெயர் கண்ணெதிரே இருந்தது. தெரிந்தும் கொடுக்கவில்லை.

நள்ளிரவு_808:
இந்தப் பதிவை இரண்டு முறை படித்தேன். நானும் அந்த பிரேக்கை, கோல்மன் வாசித்த அந்த டிரம்ஸ் துண்டைப் பயன்படுத்தியிருக்கிறேன். என் ஆல்பத்தில் கோல்மன் பெயரைப் போடவில்லை. இன்று போட்டுவிட்டேன்.

தாளக்கட்டு:
பதில் சொல்ல ஒருநாள் ஆகிவிட்டது. கடைசிப்பேருந்து சொன்னது உண்மை, தெரிந்தவர்கள்தான் கொடுக்கவில்லை. ஆனால் 2015ல் இங்கிலாந்தில் இரண்டு டிஜேக்கள் ரசிகர்களிடம் பணம் திரட்டி, ஏறக்குறைய 24,000 பவுண்டை அந்தக் குழுவின் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சர் கையில் கொடுத்தார்கள். கோல்மனுக்கு அது எட்டவில்லை. பெயர் தெரிந்ததால் அந்த அளவாவது நடந்தது. தெரியாதவர்களுக்கு அதற்கும் வழியில்லை. நான் நிற்கும் இடம் இதுதான், இதற்கு மேல் என்னால் நகர முடியாது.

கடைசிப்பேருந்து:
நானும் டிஸ்கவர் வீக்லியை விடப் போவதில்லை. ஆனால் நேற்று லிண்டா ஜோன்ஸ் கேட்டேன். கத்துகிறாரா பாடுகிறாரா என்று பிரிக்க முடியாத இடத்தில் குரல் போய் நிற்கிறது. அங்கே பாட்டை நிறுத்திவிட்டு மாடிக்குப் போய்விட்டேன். இதை எனக்குச் செயலி ஒருநாளும் தரவில்லை.

புதுசெவி:
அண்ணா, பயிற்சி முடிந்தது, ஆனால் நான் முடிக்கவில்லை. 'எலிஃபங்க் தீம்' போட்டுவிட்டு இணையத்தில் தேடிக்கொண்டிருந்தேன். அப்பா சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்து, "இது ஸ்ரீ ராகவேந்திரர் படத்துப் பாட்டாச்சே, உனக்கும் எனக்கும்" என்றார். 'பாம்பூ பங்கா' போட்டேன். இரண்டே விநாடிதான், தளபதி, காட்டுக்குயிலு என்றார். இப்போது பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார், அடுத்ததைப் போடச் சொல்கிறார். எதைப் போட?