ஹோய் ஆன் (வியட்நாம்): தீபாவளி லீவுக்கு நாலு பேர், அம்மா சுத்த சைவம். எப்படிப் போகலாம்?

கொழிஞ்சாம்பாறை:
வணக்கம்ங்க. நாங்க ரெண்டு பேர், பன்னிரண்டு வயசுப் பொண்ணு, அம்மா. வியட்நாம் ஹோய் ஆன்ல நாலு ராத்திரி தங்குற மாதிரி யோசனை. ஐப்பசியில தீபாவளியை ஒட்டிப் போகலாமா? கோயமுத்தூர்ல ஏறுறதா, நெடும்பாசேரியா (கொச்சி விமான நிலையம்)? பக்கத்து நகரம் டா நாங்ல ரூம் போட்டுட்டு பகல்ல போய்வந்தா போதும்ங்கறாங்க, சரியா? அம்மாவுக்கு மீன் வாசனையே ஆகாது, முட்டையும் கிடையாது. ராத்திரி ஆத்தோரமா குடும்பத்தோட நடக்கலாமா? வழி தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வேலந்தாவளம்:
ஐப்பசி வேண்டவே வேண்டாம்ங்க. அக்டோபர், நவம்பர்தான் அங்க மழை உச்சம். து போன் ஆறு கரை ஏறினா பாக் டாங் தெரு, அதுக்கு அடுத்த தெரு வரைக்கும் தண்ணி நிக்கும். அங்க இருக்கிற டான் கீ பழைய வீட்டுச் சுவத்துல வெள்ளம் வந்த உயரத்தை வருஷம் போட்டுக் குறிச்சு வச்சிருக்காங்க, அதைப் பாத்தாலே புரியும்.

காரணம் நமக்குப் பழகினதுதான். அந்த நாட்டு மேற்கெல்லையில ஒரு மலைத்தொடர் ஓடுது. தென்மேற்குப் பருவக்காற்றை அது தடுத்துடும். மலை மறைவுல நம்ம பாலக்காட்டுச் சித்தூர் தாலுகா கிழக்குப் பக்கம் காஞ்சு கிடக்குற மாதிரி, இங்க இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) கொட்டுற ஜூன், ஜூலையில ஹோய் ஆன்ல வெயில் கொளுத்தும். வடகிழக்குக் காற்று திரும்பின பிறகுதான் அங்க மழை, கூடவே புயலும். நடக்க வசதியான மாசம் பிப்ரவரியிலிருந்து ஏப்ரல். சந்திரப் புத்தாண்டு 'டெட்' வர்ற வாரத்தை மட்டும் விட்டுடுங்க. கடை பாதி அடைப்பு, ரூம் வாடகை ஏறிக் கிடக்கும்.

உங்க ஊருக்குக் கோயமுத்தூர்தான் பக்கம். அங்கிருந்து சிங்கப்பூர், சிங்கப்பூர்ல மாறி டா நாங். இதை ஒரே டிக்கெட்டா போடுங்க. தனித்தனியா எடுத்து லக்கேஜையும் செக்-இன் பண்ணினா, பையை எடுத்துத் திரும்பப் போட சிங்கப்பூருக்குள்ள இறங்கணும். அதுக்கு விசா வேணும், பல பேர் மாட்டுறது இங்கதான். நெடும்பாசேரின்னா கோலாலம்பூர் வழி.

வியட்நாமுக்கு இ-விசா. ஒரு தடவை நுழைய 25 டாலர், 90 நாள் வரை. அரசு தளத்துலயே போடுங்க, அதே ஜாடையில கூடுதல் காசு வாங்குற தளங்கள் நிறைய. ரெண்டு இடத்துல தப்பு வரும். நம்ம ஆளுங்க பாஸ்போர்ட்ல சர்நேம் காலியா இருக்கும். பாஸ்போர்ட்டோட அடியில இருக்கிற ரெண்டு வரியில பேர் எப்படி இருக்கோ அப்படியே போடணும், இனிஷியலை விரிச்சு எழுதக் கூடாது. ரெண்டாவது, நுழையுற விமான நிலையம். ஹோ சி மின் நகரத்துல இறங்கி உள்நாட்டு விமானம் மாறினா குடியேற்றச் சோதனை அங்கேயே முடிஞ்சிடும். அப்போ அந்த நிலையத்தைத்தான் குறிக்கணும், டா நாங் இல்ல.

நெம்மாறை:
அம்மா சாப்பாட்டைப் பத்திப் பயப்படாதீங்க, ஆனா எச்சரிக்கை வேணும். அங்க காய்க் குழம்புலகூட 'நூக் மாம்'ங்கிற மீன் சாறு ஊத்துவாங்க. "வெஜிடேரியன்"னு சொன்னா கறியை மட்டும் எடுத்துட்டு அதே சாறுல செஞ்சு கொடுத்துடுவாங்க. கேக்க வேண்டியது 'சாய்', அதாவது புத்த மத விரதச் சாப்பாடு. மீன் சாறு, இறால் விழுது எதுவும் அதுல சேராது. போர்டுல 'காம் சாய்'னு இருந்தா சைவச் சோத்துக் கடை. மீன் சாறு வேண்டாம், முட்டை வேண்டாம்னு ஃபோன்ல வியட்நாமிய எழுத்துல வச்சுக் காட்டுங்க. நம்ம உச்சரிப்பு அவங்களுக்குப் பிடிபடாது.

அந்த ஊர் நூடுல்ஸ் காவ் லாவ். சாம்பல் கரைச்ச தண்ணியில ஊறின அரிசியில செய்யறதால நல்லா கெட்டியா, மென்னு தின்னுற மாதிரி இருக்கும். மேல பன்றிக்கறி வைக்கிறது வழக்கம், டோஃபு வச்ச சைவ வகையும் சாய் கடைகள்ல உண்டு. வெள்ளை ரோஜான்னு சொல்ற கொழுக்கட்டைக்குள்ள இறால், அம்மாவுக்கு ஆகாது. நீங்க கோழி சாப்பிடுவீங்கன்னா மஞ்சள் போட்ட கோழிச் சோறு 'காம் கா'வை விட்டுடாதீங்க.

முக்கியமா ஒண்ணு. அவங்க சந்திர மாசத்துல 1ஆம் நாளும் 15ஆம் நாளும் நிறைய பேர் சாய்தான் சாப்பிடுவாங்க. சாதாரணக் கடையிலயும் அன்னைக்குக் கிடைக்கும்.

மீனாட்சிபுரம்:
நெம்மாறை சொன்னதோட இதையும் சேத்துக்குங்க. 14ஆம் நாள் ராத்திரிதான் விளக்குத் திருவிழா. பழைய ஊர்ல மின்விளக்கைக் குறைச்சுட்டு துணி லாந்தரை ஏத்துவாங்க. 14, 15 ரெண்டு நாளும் அங்க இருக்கிற மாதிரி போனீங்கன்னா விளக்கும் கிடைக்கும், மறுநாள் அம்மாவுக்கு எங்க போனாலும் சாப்பாடும் கிடைக்கும். நம்ம பௌர்ணமியோட ஒரு நாள் முன்பின்னா வரும், அதனால அவங்க காலண்டரைப் பாத்து டிக்கெட் போடுங்க. அன்னைக்குக் கூட்டம் நெரியும், அது உண்மை.

டா நாங்ல தங்காதீங்க. 30 கிலோமீட்டர்தான், ரயில் கிடையாது, கார்ல முக்கால் மணி நேரம். ஆனா இந்த ஊரோட அழகு காலை ஏழு மணிக்கு முந்தியும் இருட்டின பிறகும்தான். நடுப்பகல்ல வந்து திரும்புறவங்களுக்கு வெயிலும் பஸ் கூட்டமும்தான் மிச்சம்.

ஆத்துல படகுச் சவாரி 20 நிமிஷம். 1 முதல் 3 பேருக்கு 1,50,000 டாங் (அந்த நாட்டுப் பணம்), 4, 5 பேருக்கு 2,00,000. கரையில கூப்பிடுறவங்க கூடச் சொல்வாங்க, டிக்கெட் கவுன்டர்ல வாங்குங்க. பழைய ஊர் டிக்கெட் 1,20,000 டாங், அதுல அஞ்சு இடம் பாக்கலாம். பழைய வீடுகள் சாயங்காலமே அடைச்சுடும், அதனால பகல்லயே அந்த டிக்கெட்டைக் காட்டிப் பாத்துடுங்க. ஜப்பான் பாலம் 1593ல தொடங்கினது, 2024ல பழுது பாத்துத் திறந்தாங்க. 20,000 நோட்டுல இருக்கிறது அதுதான். அந்த நோட்டும் 5,00,000 நோட்டும் ரெண்டும் நீலம். இருட்டுல மாத்திக் கொடுத்துடுவோம், பர்ஸ்ல தனித்தனியா வையுங்க.

ராத்திரி குடும்பத்தோட தாராளமா நடக்கலாம். ஆத்து மேல இருக்கிற இன்னொரு பாலத்தைத் தாண்டி ஆன் ஹோய் பக்கம் நுயென் ஹோவாங் தெருவுல இரவுச் சந்தை. சத்தமான பார்கள் அதுக்குப் பக்கத்து ஆத்தோரம், அந்த ஓரத்தை விட்டுட்டா போதும். பத்து மணிக்கு மேல ஊர் அடங்கிடும்.

ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்காதீங்க. இந்தியா கொடுக்குற சர்வதேச லைசென்ஸ் 1949 சாலைப் போக்குவரத்து உடன்படிக்கைப்படி, வியட்நாம் ஏத்துக்கறது 1968 உடன்படிக்கை. விபத்துன்னா இன்சூரன்ஸ் கைவிரிக்கும். சைக்கிள் போதும், ட்ரா குவே காய்கறித் தோட்டம் 3 கிலோமீட்டர்தான்.

ஒரு காலைப் பொழுதை மீ சோனுக்கு ஒதுக்குங்க. 40 கிலோமீட்டர் தூரத்துல, முன்னாடி அந்தப் பகுதியை ஆண்ட சாம் அரசர்களோட செங்கல் சிவன் கோயில்கள், 4ஆம் நூற்றாண்டுல பத்ரவர்மன் தொடங்கினது. 1969ல அமெரிக்கக் குண்டுவீச்சுல நிறைய போச்சு. நம்ம தொல்லியல் துறை அங்க புனரமைப்பு வேலை செஞ்சப்போ 2020ல ஒரே கல்லுல செஞ்ச லிங்கம் கிடைச்சுது. அம்மா கட்டாயம் பாக்கணும். ஆறு மணிக்கே கிளம்பிடுங்க, ஒன்பதுக்கு மேல செங்கல் அனல் அடிக்கும்.

கொழிஞ்சாம்பாறை:
ரொம்ப நன்றிங்க. அப்போ தீபாவளியை விட்டுட்டு, பொண்ணுக்குப் பரீட்சை முடிஞ்சு ஏப்ரல் முதல் வாரம் வச்சா? விஷுவுக்கு வீட்டுல இருக்கணும்.

வேலந்தாவளம்:
நல்ல நேரம்ங்க. சூடு இருக்கும், மழைத் தொல்லை கம்மி. மொதல்ல அந்தச் சந்திர மாசத்து 14 எந்தத் தேதியில வருதுன்னு பாருங்க. விஷுவுக்கு முந்தி திரும்ப முடிஞ்சா அதை வச்சு டிக்கெட், இல்லைன்னா 1ஆம் நாளை வச்சு. விசாவுக்கு மூணு வேலை நாள்னு போட்டிருந்தாலும் ரெண்டு வாரம் முன்னாடியே போட்டுடுங்க.