லின்ட் (கோடுல தப்பு தேடுற டூல்) கான்ஃபிக் இன்ஹெரிட் ஆகி மெர்ஜ் ஆனதுல மாட்டின அனுபவம் இருந்தா பகிருங்க

நான் ஆரம்பிக்கிறேன். ஜாவாஸ்க்ரிப்டுக்கான ஈஎஸ்லின்ட் 8, பழைய ஈஎஸ்லின்ட்ஆர்சி கான்ஃபிக் ஃபார்மட். டீம்ல ஒருத்தர் மெஷின்ல மட்டும் நோ-கன்சோல் (கன்சோல்.லாக் மாதிரி எழுதக் கூடாதுங்கற ரூல்) எர்ரர் அடிக்குது, சிஐல (கோட தானா செக் பண்ற சர்வர்) பச்சை. ரிப்போ முழுக்க தேடியாச்சு, எக்ஸ்டெண்ட்ஸ்ல இருக்குற ஷேர்டு கான்ஃபிக்கையும் திறந்து பாத்தாச்சு, அந்த ரூல் எங்கயும் இல்ல. நோட் மாட்யூல்ஸ அழிச்சு திரும்ப இன்ஸ்டால் பண்ணோம், எடிட்டர் எக்ஸ்டென்ஷன ஆஃப் பண்ணோம், ஒண்ணும் அசையல. --பிரிண்ட்-கான்ஃபிக் ஓட்டினா ரூல் இருக்குன்னு காட்டுது, எங்க இருந்து வந்துச்சுன்னு காட்டல. அப்புறம் --டீபக் போட்டு ஓட்டினப்ப நடுவுல ஒரு வரி, லோட் ஆகுற ஃபைலோட பாத் ப்ராஜெக்ட் ஃபோல்டருக்கே வெளிய! ரெண்டு படி மேல எப்பவோ வேற வேலைக்குப் போட்டு வச்ச ஈஎஸ்லின்ட்ஆர்சி. 'இதோட நில்லு'ன்னு சொல்ற ரூட்: ட்ரூ இல்லாததால அது பாட்டுக்கு மேல ஏறிப் போய் அதையும் சேர்த்துக்கிச்சு. அந்த ஒரு வரிய பாத்தது இன்னும் கண்ணுலயே நிக்குது.

*

எனக்கு ரூபி லின்ட்டர் ரூபோகாப்ல. ப்ராஜெக்ட் யாம்ல் ஃபைல்ல ஆல்காப்ஸ் (எல்லா ரூலுக்கும் பொதுவான செட்டிங்) கீழ எக்ஸ்க்ளூட்ல (செக் பண்ண வேண்டாத லிஸ்ட்) ஒரே ஒரு ஃபோல்டர் சேர்த்தாங்க, அவ்வளவு தான். அடுத்த சிஐ ரன்ல லாக் நிக்காம ஓடுது, எல்லாமே வெண்டர்/பண்டில்னு ஆரம்பிக்குற பாத், நாங்க எழுதாத ஜெம் (வெளி லைப்ரரி) கோடுல எல்லாம் குத்தம். ஹேஷ் மெர்ஜ் ஆகும், ஆனா லிஸ்ட் மெர்ஜ் ஆகாது, கீழ இருக்குற லிஸ்ட் மேல இருக்குறத மொத்தமா தூக்கிடும், அதனால டிஃபால்ட் எக்ஸ்க்ளூட்ல இருந்த வெண்டர், டெம்ப் எல்லாம் போயிடுச்சு. இன்ஹெரிட்_மோட் போட்டு அதுல மெர்ஜ் கீழ எக்ஸ்க்ளூட்னு எழுதினதும் சரியாச்சு. லோக்கல்ல ஜெம் எல்லாம் வேற இடத்துல இருக்கும், அதனால யாருக்கும் தெரியவே இல்ல.

*

முதல்ல எழுதினவருக்கு: ரூட்: ட்ரூ எல்லாம் ஒட்டு போடுற வேலை, ஈஎஸ்லின்ட்டோட புது ஃபார்மட்டான ஃபிளாட் கான்ஃபிக்குக்கு மாறிடுங்க. 2024 ஏப்ரல்ல வந்த வெர்ஷன் 9ல இருந்து அது தான் டிஃபால்ட், மேல ஏறி ஏறி சேர்க்குற பழக்கமே அதுல கிடையாது, ஒரு கான்ஃபிக் ஃபைல் கிடைச்சா அதோட நிறுத்திடும், அதுக்குள்ள ஒரு அர்ரே, பின்னாடி வர்ற ஆப்ஜெக்ட் முன்னாடி இருக்குறத ஜெயிக்கும், அவ்வளவு தான், கண்ணால பாத்து படிச்சிடலாம். மாறும்போது ஷேர்டு கான்ஃபிக்க முதல்ல வைங்க, உங்க ரூல்ஸ கடைசில வைங்க, ஃபைல்ஸ்னு பேட்டர்ன் கொடுத்த ஆப்ஜெக்ட் அந்த ஃபைலுக்கு மட்டும் தான் பொருந்தும்ங்கறத மறந்துடாதீங்க, மாத்துறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் பிரிண்ட்-கான்ஃபிக் எடுத்து டிஃப் போட்டுப் பாருங்க.

என் அனுபவம் சின்னது. பேஸ்ல கோட்ஸ் (மேற்கோள் குறி) ரூல் சிங்கிள், கூடவே அவாய்ட்எஸ்கேப் (உள்ள அதே குறி வந்தா மட்டும் வேற குறி போடலாம்ங்கற ஆப்ஷன்). கீழ ஒருத்தர் எர்ரர், டபுள்னு மட்டும் எழுதினார், அவாய்ட்எஸ்கேப் காணாம போச்சு. வெறும் வார்ன்னு மட்டும் எழுதியிருந்தா பேஸோட ஆப்ஷன் அப்படியே நின்னிருக்கும். ஆப்ஷன்னு ஒண்ணு எழுதிட்டா மொத்தமா மாத்திடும்.

*

மேல "கிடைச்சா நிறுத்திடும்"னு சொன்னத ஏதோ தீர்வு மாதிரி சொல்றீங்க, நான் ஒத்துக்க மாட்டேன். பைத்தான் லின்ட்டர் ரஃப் அப்படித்தான் வேலை செய்யும், ஃபைலுக்குப் பக்கத்துல இருக்குற கான்ஃபிக் எதுவோ அது மட்டும் தான், மேல இருக்குறத அதுவா சேர்க்காது. எங்க மோனோரிப்போல (பல ப்ராஜெக்ட் இருக்குற ஒரே ரிப்போ) ஒரு சப்-ஃபோல்டருக்கு வரி நீளம் மட்டும் கூட்டணும்னு ஒரு சின்ன ரஃப்.டாமல் போட்டாங்க, எக்ஸ்டெண்ட்னு ஒரு வரி எழுதி ரூட் ஃபைல காட்டல. அந்த ஃபோல்டருக்கு ரூட்ல செலக்ட் பண்ண செக்யூரிட்டி ரூல்ஸ் எல்லாம் போயி டிஃபால்ட் செட் மட்டும் ஓடிட்டிருந்துச்சு. பில்ட் பச்சையாவே இருந்துச்சு. ரிவ்யூல ஒருத்தர் சப்-ப்ராசஸ் கால்ல ஷெல்=ட்ரூன்னு இருக்குறத பாத்து "இத ரஃப் பிடிக்கலயா?"ன்னு கேட்ட பிறகு தான், எந்த செட்டிங் ஓடுதுன்னு காட்டுற --ஷோ-செட்டிங்ஸ் போட்டுப் பாத்தோம். அதிகமா சேர்ந்துட்டா சத்தம் போடும், தேடிப் போவோம். குறைஞ்சு போனா யார் தேடுவா?

இன்னொன்னு, எக்ஸ்டெண்ட் எழுதின பிறகும் கீழ செலக்ட்னு எழுதினா மேல இருக்குற செலக்ட் போயிடும். கூட்டணும்னா எக்ஸ்டெண்ட்-செலக்ட்.

*

பிஹெச்பி கோட செக் பண்ற பிஹெச்பிஸ்டான்ல இதுக்கு நேர்மாறு, இன்க்ளூட்ஸ்ல வர்ற லிஸ்ட் எல்லாம் கூடிக்கிட்டே போகும். பேஸ் நியான் கான்ஃபிக் ஃபைல்ல இருந்த இக்னோர்எர்ரர்ஸ் (கண்டுக்காம விட வேண்டிய எர்ரர் லிஸ்ட்) புது ப்ராஜெக்ட்லயும் வந்து ஒட்டிக்கிச்சு, கீழ காலி லிஸ்ட் எழுதினாலும் போகல. கீ பேருக்குப் பின்னாடி ஒரு ஆச்சரியக்குறி போட்டா தான் மெர்ஜ் ஆகாம மாத்தும். அத போட்டதும் அது வரைக்கும் மறைஞ்சு கிடந்த எர்ரர் எல்லாம் ஸ்க்ரீன் நிறைய வந்துச்சு, இன்னும் சரி பண்ணிட்டிருக்கோம்.

*

முதல் போஸ்ட் போட்டவன் தான். ஃபிளாட் கான்ஃபிக்குக்கு மாறுறதா இருக்கோம், ஆனா ரெண்டு பிளகின் இன்னும் அதுக்கு ரெடி ஆகல, அதனால இப்போதைக்கு ரூட்: ட்ரூ தான். ரஃப் கதைய படிச்சிட்டு எங்க பைத்தான் ஃபோல்டர் ஒவ்வொண்ணுலயும் ஷோ-செட்டிங்ஸ் ஓட்டிப் பாக்குறேன், ஏதாவது கிடைச்சா இங்கயே எழுதறேன்.