எறும்புகள் நெய்த நீலக் கால்சட்டை

சிறுவயதில் பார்த்துவிட்டு, பிறகு நெடுங்காலம் தேடி அலைந்த கார்ட்டூன்களைப் பற்றி வாசகர்கள் மூவர் எழுதியவை.

பொள்ளாச்சியிலிருந்து:

நான் பல ஆண்டுகள் தேடி அலைந்தது, ‘ஜங்கிள் புக்’ கார்ட்டூன் தொடரில் காட்டு விலங்குகளோடு வளரும் சிறுவனான மௌக்லியை, அதுவும் தமிழ் பேசிய மௌக்லியை. 1993ஆம் ஆண்டு தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒளிபரப்பான அந்தத் தொடரை, எங்கள் வளவில் தொலைக்காட்சி வைத்திருந்த ஒரே வீட்டின் ஆசாரத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்து பார்ப்போம். புலி ஷேர்கானைப் பார்த்துக் கருஞ்சிறுத்தை பகீரா, “புள்ளயத் தொட்டீனா வாலு இருக்காது” என்று மிரட்டும் குரல் இன்றும் என் காதில் அப்படியே இருக்கிறது. ஆகவே தமிழ் ஒலிப்பதிவு எங்கேயோ இருந்தாக வேண்டும் என்று நம்பி, கோவை நூறடிச் சாலைப் பக்கத்துக் குறுந்தகடு கடைகள் முதல் இணையம் வரை துழாவினேன். கிடைத்தவை எல்லாம் இந்தியே பேசின. ஜப்பானின் நிப்பான் அனிமேஷன் நிறுவனம் 1989இல் 52 பகுதிகளாக எடுத்த தொடர் அது என்பதும், இங்கே இந்திக்கு மாற்றும்போது குல்சார் எழுதி விஷால் பரத்வாஜ் இசையமைத்த பாட்டைச் சேர்த்தார்கள் என்பதும் தெரிந்தன. தமிழ் மட்டும் கிடைக்கவில்லை.

உடுமலையில் வாக்கப்பட்டிருக்கும் அக்காவிடம் ஒருமுறை இதைச் சொல்லிப் புலம்பியபோது அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். “அது நாஞ் சொன்ன கதைடா. எனக்கு மட்டும் இந்தி தெரியுமாக்கும்? என்ன சொல்றான், என்ன சொல்றான்னு நீ நச்சரிச்சிட்டே இருப்பே, வாயில வந்தத எடுத்து உடுவேன்” என்றாள். நான் தேடிய தமிழ் வடிவம் ஏழாம் வகுப்புப் படித்த ஒரு பெண்ணின் வாயில் மட்டுமே இருந்திருக்கிறது. இந்தியைப் புரிந்துகொண்டு இப்போது பார்த்தால், உண்மைக் கதை அக்காவின் கதையைவிடச் சற்று மட்டம் என்றே தோன்றுகிறது.

கோபிசெட்டிபாளையத்திலிருந்து:

என்னுடையது சிறிய கதை. வேடன் விரித்த வலையோடு பறவைகள் ஒன்றாகப் பறந்துபோவதைக் காட்டும் ஒரு கார்ட்டூனை, ஏதோ வங்கியின் விளம்பரம் என்று நினைத்து நெடுங்காலம் தேடினேன். விளம்பரமே இல்லையாம், மத்திய அரசின் திரைப்படப் பிரிவுக்காக விஜயா முலே 1974இல் இயக்கிய, ஒன்று, பல, ஒற்றுமை ஆகிய மூன்றையும் குழந்தைகளுக்குப் புரியவைக்கும் குறும்படம் அது. வலையை அறுத்தவை கிளிகள் என்று நான் சாதித்துக்கொண்டிருந்தேன். கார்த்திகைப் பட்டத்தில் கதிரை அறுத்துப் போகும் கிளிகளை எங்கள் வயலில் விரட்டியே வளர்ந்தவள் நான், வேறு எதை நினைப்பேன்? படத்தில் அறுத்தவை எலிகள்.

சென்னிமலையிலிருந்து:

பொள்ளாச்சி நண்பர் எழுதியதைப் படித்த பிறகுதான் என் அனுபவத்தையும் எழுதத் துணிவு வந்தது. ஏனெனில் நானும் முப்பது ஆண்டுகளாகத் தேடியது, நான் தேடிய வடிவில் எங்குமே இல்லாத ஒரு படத்தை.

எனக்கு நினைவில் தங்கியிருந்தது இவ்வளவுதான். மாவு என்று ஒரு பெருச்சாளி. அதற்கு நீலக் கால்சட்டை வேண்டும். காட்டில் பருத்தி விளைகிறது, எறும்புகள் குழித்தறியில் இறங்கி உட்கார்ந்து துணி நெய்கின்றன, நாவற்பழத்தைப் பிழிந்து சாயம் ஏற்றுகிறார்கள், நண்டு துணியை வெட்டுகிறது, கடைசியில் ஆறு முழுவதும் நுரை பொங்க நீலமாக ஓடுகிறது.

இதை நான் பார்த்தது அப்புச்சி (அம்மாவின் அப்பா) வீட்டில். அங்கே இரண்டு குழித்தறிகள் இருந்தன. அப்புச்சி போர்வை நெய்வார், அம்மாயி பக்கத்தில் உட்கார்ந்து, தறி நாடாவுக்குள் வைக்கும் ஊடை நூலை ராட்டையில் தாராகச் சுற்றிக் கொடுப்பார். கரூரில் வீட்டு உபயோகத் துணிகளை ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்த மாமா, பிராங்க்பர்ட் நகரில் ஆண்டுதோறும் ஜனவரியில் நடக்கும் துணிக் கண்காட்சிக்கு ஒருமுறை போய் வந்தபோது, எனக்கும் அக்காவுக்கும் சாக்லேட்டோடு ஒரு வீடியோ கேசட்டையும் வாங்கி வந்தார். ஜெர்மனியும் இந்தியாவும் ‘பால்’ என்னும் ஒரே வண்ண ஒளிபரப்பு முறையைப் பின்பற்றியவை என்பதால், அது எங்கள் டெக்கில் நிறம் மாறாமல் ஓடியது. அமெரிக்காவிலிருந்து வாங்கி வந்திருந்தால் படம் உருண்டுகொண்டே இருந்திருக்கும். பேச்சு ஒரு சொல்லும் புரியவில்லை. ‘மாவு’ என்ற ஒலி மட்டும் திரும்பத் திரும்பக் காதில் விழுந்ததால், அதைப் பெருச்சாளியின் பெயர் என்று நாங்களே முடிவுசெய்து, வீட்டில் எல்லோரும் அதை மாவுப் படம் என்றே அழைத்தோம்.

சாதாரணமாகத் தொலைக்காட்சிப் பக்கமே திரும்பாத அப்புச்சி, தறி நாடாவைக் கையில் பிடித்தபடியே தறிமேட்டிலிருந்து எட்டிப் பார்த்தார். “இது பஞ்சு இல்லீடா. தண்டத் தண்ணில ஊறப் போட்டு நாரு எடுக்கறானுக, நம்ம கத்தாழ நாராட்ட” என்று ஒருமுறை சொன்னார். ஏழு வயதில் எனக்கு அது உறைக்கவில்லை. துணி என்றால் பருத்தி, பருத்தி என்றால் துணி என்று இருந்த ஊரில் வளர்ந்தவனுக்கு வேறெப்படித் தோன்றும்? அப்புச்சியின் அந்த ஒரு வரியை மட்டும் நான் நம்பியிருந்தால், தேடல் பாதியிலேயே முடிந்திருக்கும்.

இரண்டு மழைக்காலங்களில் கேசட்டுக்குள் பூஞ்சை படர்ந்து, நாடா வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிட்டது. வீட்டை இடித்துக் கட்டியபோது, அட்டைப் பெட்டியோடு பழைய சாமான்காரரிடம் போய்விட்டது. அதன் உறையில் என்ன எழுதியிருந்தது என்பது மாமாவுக்கும் நினைவில்லை.

கல்லூரிக் காலத்தில், ஈரோட்டில் மணிக்கு இவ்வளவு என்று காசு வாங்கிய இணைய மையத்தில் உட்கார்ந்து எலி, பருத்தி, கால்சட்டை, எறும்பு என்று தட்டச்சு செய்து தேடத் தொடங்கினேன். எலித் தொல்லைக்கு மருந்தும் பருத்திக் கால்சட்டைக்கு விலையும் வந்தன. இது சோவியத் படமாக இருக்கும் என்று ஒருவர் உறுதியாகச் சொன்னதன் பேரில், ஓநாய் முயலைத் துரத்திக்கொண்டே இருக்கும் அந்த நாட்டுத் தொடரைக் கிடைத்தவரை பார்த்துத் தீர்த்தேன். நல்ல தொடர்தான், ஆனால் அதில் யாரும் நெய்யவில்லை. நடுவில் பல ஆண்டுகள் மறந்தும் போனேன்.

அக்காவின் மகன் ஸ்டுட்கார்ட்டில் மேற்படிப்புப் படிக்கிறான். தீபாவளியன்று அவனோடு பேசிக்கொண்டிருந்தபோது, பேச்சுவாக்கில் மாவுப் படத்தைப் பற்றிச் சொன்னேன். அவன் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “மாமா, மாவுங்களா, மவுல்வுர்ஃபுங்களா?” என்று கேட்டான். ஜெர்மன் மொழியில் அது, மண்ணுக்கடியில் வளை தோண்டி வாழும் அகழெலியைக் குறிக்கும் சொல். நம் பக்கத்தில் அந்த விலங்கே கிடையாது என்பதால் நாங்கள் அதைப் பெருச்சாளி ஆக்கியிருக்கிறோம். பேசி முடித்த பத்தாவது நிமிடத்தில் படத்தை அனுப்பிவிட்டான். முப்பது ஆண்டு, பத்து நிமிடம். எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது.

படம் ஜெர்மனியில் எடுக்கப்பட்டதும் இல்லை. அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவைச் சேர்ந்த ஸ்தெனெக் மிலர் 1957இல் உருவாக்கிய முதல் அகழெலிப் படம் அது. ஆளிச் செடியிலிருந்து துணி எப்படி உருவாகிறது என்பதைக் குழந்தைகளுக்கு விளக்கும் படம் ஒன்றை எடுத்துத் தருமாறு அவரிடம் கேட்டிருக்கிறார்கள். எந்த விலங்கை நாயகனாக்குவது என்று யோசித்தபடி நடந்துபோனவர், அகழெலி தள்ளிவிட்டிருந்த மண்மேட்டில் இடறி விழுந்ததாகவும், அங்கேயே நாயகன் கிடைத்துவிட்டதாகவும் அவரே சொல்லியிருக்கிறார். பின்னால் வந்த படங்களில் பேச்சைக் குறைத்துவிட்டு, சிரிப்பையும் முனகலையும் தம் மகள்களின் குரலிலேயே பதிவுசெய்தார் என்பதையும் படித்தேன். நல்லவேளையாக எங்கள் கைக்கு வந்தது பேசும் முதல் படம். இல்லாவிட்டால் அந்த ‘மாவு’கூட எனக்கு மிஞ்சியிருக்காது.

பார்க்கப் பார்க்க, என் நினைவு ஒவ்வொன்றாகக் கழன்றது. பருத்தி இல்லை, அப்புச்சி சொன்னதுபோலவே தண்டை ஊறவைத்துத்தான் நார் எடுக்கிறார்கள், நாரை நசுக்கிக் கொடுக்கிறது, முள்ளெலி தன் முதுகு முட்களால் சீவிக் கொடுக்கிறது. அந்த முள்ளெலிக்கு எங்கள் மேட்டாங்காட்டிலும் சொந்த இனத்தார் உண்டு, அதைப் போய் நான் சுத்தமாக மறந்திருந்தேன். நாவற்பழம் இல்லை, ஐரோப்பியக் காடுகளில் முழங்கால் உயரப் புதரில் காய்க்கும், மணத்தக்காளி போன்ற ஒரு நீலப் பழம். எறும்புகள் உண்மையிலேயே நெய்கின்றன, ஆனால் குழியும் இல்லை, மிதிக்கட்டையும் இல்லை. நுரை பொங்கும் நீல ஆறு படத்தில் எங்குமே இல்லை. அது எங்கள் நொய்யல் ஆறு. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் உத்தரவிடுவதற்கு முன், ஒரத்துப்பாளையம் அணைப் பக்கம் போனபோதெல்லாம் பார்த்த தண்ணீரைக் கொண்டுபோய் அந்தப் படத்தின் கடைசியில் நானே ஒட்டியிருக்கிறேன்.

அகழெலிக்குக் கால்சட்டை எதற்கு என்பதும் எனக்கு மறந்துபோயிருந்தது. குளிருக்கும் இல்லை, அழகுக்கும் இல்லை. தான் பொறுக்கிச் சேர்க்கும் பொருள்களைப் போட்டுக்கொள்ளப் பெரிய பைகள் வேண்டும் என்பதற்காகத்தான்.

அப்புச்சி இன்று இல்லை. தொண்ணூறைத் தொடும் அம்மாயிக்குக் கைப்பேசியில் போட்டுக் காட்டினேன். கண்ணுக்கு மேலே கையை வைத்து மறைத்துக்கொண்டு, முழுவதையும் பார்த்தார். கால்சட்டையை மாட்டிக்கொண்டு அகழெலி பைக்குள் கையை விட்டபோது, “அட, ஜோப்புக்காகவா இத்தன பாடு?” என்று சிரித்தார். பிறகு, “எறும்பு நெய்யறத மறுக்கா போடு சாமி” என்றார்.

மறுபடியும் போட்டேன். கைப்பேசியை முகத்தருகே கொண்டுபோய் உற்றுப் பார்த்தவர், அந்தக் காட்சி முடிந்ததும் என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

“நெய்யறதக் காட்டறாங்க, செரி. தாரு சுத்துனது ஆருன்னு காட்டவே இல்லியே கண்ணு?”