'விடுதிப் பாடசாலை' என்றால் சரியா? ஒரு சொல் தேவை

வணக்கம் உறவுகளே. செப்டம்பர் 30, கனடாவில் செம்மஞ்சள் சட்டை நாள்; ரெசிடென்ஷியல் ஸ்கூல்களில் அடைக்கப்பட்ட பூர்வகுடிப் பிள்ளைகளை நினைவுகூரும் நாள். ஸ்காபரோவில் எங்கள் முதியோர் சங்கத்தில் அதைப் பற்றித் தமிழில் பதினைந்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு சொல்லில் இடறி நிற்கிறேன்.

ரெசிடென்ஷியல் ஸ்கூல் என்பதை 'விடுதிப் பாடசாலை' என்று எழுதி அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "நல்லதுதானே, யாழ்ப்பாணத்தில காசு கட்டியெல்லோ பிள்ளையளை ஹொஸ்டலில விட்டனாங்கள்" என்றார். அவ்வளவுதான், பேச்சு கவிழ்ந்துவிட்டது. பெற்றோரிடமிருந்து பறித்துக்கொண்டுபோய், முடியை வெட்டி, தாய்மொழி பேசினால் அடித்த இடம் அது. 150,000க்கும் மேற்பட்ட பூர்வகுடிப் பிள்ளைகள். கடைசிப் பள்ளி மூடியது 1990களில், நம்மில் பலர் இங்கே வந்து இறங்கிய பிறகு!

பொருத்தமான சொல் தெரிந்தால் சொல்லுங்கள்.

பிறகு இன்னொன்று. "அவையளுக்கு அரசாங்கம் சும்மா காசு குடுக்குது" என்று யாராவது கட்டாயம் எழும்புவார். (நம்மைப் பற்றியும் இதையேதான் சொன்னார்கள்.) பதிலுக்கு, ஷோல் ஏரிக்கரையில் இருக்கும் ஷோல் லேக் 40 என்ற பூர்வகுடி ஊரின் கதையை வைத்திருக்கிறேன். வினிபெக் நகரம் 1919 முதல் அந்த ஏரித் தண்ணீரைக் குடிக்கிறது. கரையிலேயே இருக்கும் அந்தப் பூர்வகுடி ஊரிலோ 1997 முதல் 2021 வரை குழாய்த் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்க முடியவில்லை.

இதுபோல ஒரு மூச்சில் சொல்லக்கூடியது வேறு ஏதும் இருக்கிறதா? பூர்வகுடி ஊர்கள் பக்கம் போய்வந்தவர்கள் இருந்தால் இன்னும் நல்லது. 26ஆம் திகதிக்குள் கிடைத்தால் பெரிய எழுத்தில் அச்சடித்துவிடுவேன்.